கோடுகள் நிற்க வேண்டும்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய விமர்சகர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் விமர்சனங்களைப் பற்றிப் புகார் இருந்தால் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும், தொலைபேசியில் கேட்க மாட்டோம் என்று கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகையால் எழுதுகிறேன். நீங்கள் என் அண்ணனின் மனைவி என்பதையும், போன மாதம்தான் உங்கள் வீட்டு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்தேன் என்பதையும் இந்தக் கடிதம் முடியும்வரை மறந்துவிடுவதாகத் தீர்மானித்திருக்கிறேன்.

'புதிய டர்ன்டேபிள் தயாரிப்பாளர்கள்: யாரை நம்பி வாங்கலாம்?' என்று தலைப்பு. இசைத்தட்டு போட்டுக் கேட்கும் ஆறு மெஷின்கள். ஐந்து பேருக்கு மாலை, ஒருவனுக்குச் செருப்படி. அந்த ஒருவன் நான். நீங்கள் எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருந்தால் உதவும்: "இந்த மெஷின் இசைத்தட்டைச் சற்றே மெதுவாகச் சுற்றுகிறது. பாட்டு தூங்கி வழிகிறது. பாடுபவரின் குரல் சுருதி இறங்கிக் கேட்கிறது. போதாக்குறைக்கு, ஊசியை இறக்கும் நெம்புகோல் அதைப் பொத்தென்று தட்டின் மேல் போடுகிறது. இந்தத் தயாரிப்பாளரை இப்போதைக்குத் தவிர்க்கலாம்."

தவிர்க்கலாம்! என்ன அழகான வார்த்தை. வேலையை விட்டுவிட்டு, ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு தகரக் கொட்டகையில் மூன்று வருடம் மோட்டாரும் பெல்ட்டுமாக உயிரை விட்டவனை ஒரே வார்த்தையில் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டீர்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் மூன்று மாடி இசைக்கடை வைத்திருக்கிறாரே, அவர் முப்பது மெஷின் எடுத்துக்கொள்வதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாய்வார்த்தையில்தான் பட்டறை நின்றுகொண்டிருந்தது. பத்திரிகை வந்த மறுநாள் அவரே கூப்பிட்டார். "பாப்போம் தம்பி, அவசரப்பட வேணாம்" என்றார். வியாபாரி 'பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மார்ச் முடிவதற்குள் அவர் மனம் மாறாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. நீங்கள் கணக்குத் தணிக்கை செய்கிறவர். சொந்தக்காரனுடைய கம்பெனிக் கணக்கைத் தணிக்கையாளர் தொடவே கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தான். அப்புறம் என் மெஷினை எந்தக் கையால் தொட்டீர்கள்?

இப்படிக்கு,
தவிர்க்கப்பட வேண்டிய தயாரிப்பாளர்

*

பிப்ரவரி 9

தயாரிப்பாளர் அவர்களுக்கு,

மரியாதையாக எழுதினால் மரியாதையாகத்தான் பதில் வரும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை, உள்ளதை உள்ளபடி சொல்வது. அதைத்தான் கட்டுரையிலும் செய்தேன்.

என் வாசலில் பெட்டியைக் கொண்டு வந்து இறக்கியது யார்? "அண்ணி, நீங்க பாத்துச் சொல்லுங்க, மத்தவங்க கையில குடுத்தா சரியா வராது" என்று பல்லைக் காட்டியது யார்? அன்றைக்கு நான் சொந்தக்காரியாக இருந்தது இனித்தது. நன்றாக எழுதியிருந்தால் தணிக்கை விதி எல்லாம் உங்கள் நினைவுக்கு வந்திருக்குமா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

ஐந்து பேரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன் என்கிறீர்கள். காரணம் இல்லாமல் ஆடவில்லை. கடிகாரப் பெட்டி செய்துகொண்டிருந்த அந்த அண்ணன் தம்பிகளின் மெஷினில் மரவேலையைத் தடவிப் பாருங்கள், ஓர் இடத்தில் நகம் மாட்டாது. கருங்கல் பலகையில் செய்கிற அம்மாளுடையதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஆனால் பக்கத்தில் குதித்தாலும் ஊசி அசையாது. கலர் கலராகப் பெட்டி விற்கிற பையன்கள், பெல்ட் அறுந்தால் அடுத்த வாரமே தபாலில் அனுப்புகிறார்கள். ரேடியோ செய்துகொண்டிருந்த பெரியவர், போன் செய்தால் தாமே எடுத்துப் பதில் சொல்கிறார். சைக்கிள் பாகம் செய்து இந்தப் பக்கம் வந்த கம்பெனி இருக்கிறதே, அதில் பாட்டு துள்ளுகிறது. அதனால் முதலிடம் கொடுத்தேன். புதிதாக இசைத்தட்டு கேட்க வருகிறவருக்கு இவைதான் முக்கியம்: அசையாமல் நிற்க வேண்டும், சரியாகச் சுற்ற வேண்டும், கெட்டுப்போனால் சீர்செய்ய ஆள் வேண்டும். உங்களுடையது முதலாவதில் பாஸ், மூன்றாவதில் பாஸ். நடுவில் இருப்பதில் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

என்னிடம் இருக்கும் மெஷின் என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதில் நான் கேட்காத தட்டு இல்லை. ஒரு பாட்டு எங்கே மூச்சு வாங்கும், எங்கே எழும்பும் என்று என் ரத்தத்திலேயே ஓடுகிறது. அதே தட்டை உங்கள் மெஷினில் போட்டேன். காய்ச்சலில் கிடப்பவர் பாடுகிற மாதிரி இருந்தது. அதை எழுதினேன். என் காதை நம்பித்தான் பத்து வருடமாக ஜனங்கள் அந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

பட்டறை மூடும் நிலையில் இருக்கிறது என்பதை அறிந்து வருந்துகிறேன். ஆனால் அதற்காகக் குறையை நிறை என்று எழுதினால், அப்புறம் நான் எழுதுவதற்கு என்ன மதிப்பு?

இப்படிக்கு,
விமர்சகர்

உன் அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். அதற்கும் நான்தான் பொறுப்பு என்று அடுத்த கடிதத்தில் எழுதினாலும் எழுதுவாய்.

*

பிப்ரவரி 14

அண்ணி,

அவர்களுக்கு, இவர்களுக்கு என்று எழுதி என்னால் கோபத்தை அடக்க முடியவில்லை. நேரடியாகவே திட்டுகிறேன்.

முதலில் நெம்புகோல். அது உண்மைதான். ஊசியைப் பதமாக இறக்குவதற்காக அதன் உள்ளே ஒரு கெட்டி எண்ணெய் விட வேண்டும். கூட்டாளி விட்டதாக நான் நினைத்தேன், நான் விட்டதாக அவன் நினைத்தான். உங்களுக்கு வந்த மெஷினில் யாருமே விடவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். நேற்றே எல்லா மெஷினிலும் சரிசெய்துவிட்டோம். நியாயம் எங்கே இருந்தாலும் தலை வணங்குவேன்.

ஆனால் வேகம்? வேகத்தில் கை வைக்காதீர்கள்! மூன்று வருடம் நாங்கள் வேறு என்னத்தைச் செய்தோம்? நீங்கள் திருப்பி அனுப்பிய அதே மெஷினை, பெட்டியைப் பிரித்த கையோடு, ஒரு திருகையும் தொடாமல் அளந்தோம். கடுகளவு பிசகு இல்லை. கூட்டாளி நம்பாமல் நாலு தடவை அளந்தான். பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் அளக்க வைத்தோம். சரியாகத்தான் சுற்றுகிறது.

ஆக, என் மெஷின் மெதுவாக ஓடவில்லை என்றால் வேறு எது வேகமாக ஓடுகிறது? யோசியுங்கள். நீங்கள் எதோடு ஒப்பிட்டீர்கள்?

இந்தக் கடிதத்தோடு ஒரு காகித வட்டு வைத்திருக்கிறேன். சுற்றிலும் கறுப்புக் கோடுகள் போட்டிருக்கும். அதை உங்கள் மெஷினில் தட்டு மாதிரி வைத்துச் சுற்ற விடுங்கள். மேலே பழைய குண்டு பல்பு ஒன்றைப் பிடியுங்கள், இந்தக் காலத்து எல்.இ.டி. வேலைக்கு ஆகாது. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். மெதுவாக இருந்தால் பின்னால் போகும். வேகம் அதிகமானால் முன்னால் ஓடும். சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லலாம்.

கணக்கைத் தணிக்கை செய்கிறவர், அளவுகோலையும் ஒருநாள் அளந்து பார்க்க வேண்டாமா அண்ணி? ஒருத்தன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவதற்கு முன்னால்?

பதில் உடனே வேண்டும். மார்ச் ஓடி வந்துகொண்டிருக்கிறது.

கொழுந்தன்

*

பிப்ரவரி 20

கொழுந்தனுக்கு,

உன் காகிதம் வந்தது. அதை வைத்துப் பார்க்கப் போவதில்லை. காரணம் சொல்கிறேன்.

பரீட்சையில் தோற்ற பையன், வாத்தியார் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது நீ சொல்வது. நீ படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உனக்கு முதல் இசைத்தட்டு வாங்கிக் கொடுத்தவள் நான். ஊசியைத் துணியால் துடைக்கக் கூடாது, பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளும் நான். இன்றைக்கு நீ எனக்குக் கோடு போட்ட காகிதம் அனுப்புகிறாய். எவ்வளவு திமிர்! என் காதின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தால் அன்றைக்கே எழுதுவதை நிறுத்திவிடுவேன். உன் காகிதத்துக்காகக் காத்திருக்க மாட்டேன்.

அதே நாள், மாலை

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். வேண்டாம், அதுவும் உன் கண்ணில் படட்டும்.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது உன் அண்ணன் என் மெஷின் முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பரணிலிருந்து எடுத்த டேபிள் லாம்ப். மெஷின் மேல் உன் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தது. கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால்.

"ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க" என்றேன். போட்டார். ஓடின. "லாம்பை ஆட்டாதீங்க" என்றேன். "நான் ஆட்டலம்மா" என்றார். லாம்பை நானே வாங்கிப் பிடித்தேன். அப்போதும் ஓடின.

அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். திருடன் முகம். "என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் காதைச் சொறியறீங்க?"

"இல்ல... பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை பெல்ட் வழுக்குதுன்னு சொன்னியே. நீ ஆஃபீஸ் போயிருந்தப்போ மோட்டார்ல பெல்ட் மாட்டற இடத்துல டேப்பை ரெண்டு சுத்து சுத்தி விட்டேன். அப்புறம் நல்லா ஓடிச்சு. நீயும் நல்லா இருக்குன்னு சொன்னே. சரி, எதுக்குச் சொல்லணும்னு..."

சொல்லணும்! எதுக்குச் சொல்லணும் என்று கேட்கிறார்! இரண்டு சுற்று டேப்பில் மோட்டாரின் கழுத்து பருத்து, மெஷின் இத்தனை வருடமும் ஓட்டமாக ஓடியிருக்கிறது. அந்த ஓட்டத்தைத்தான் நான் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு இரவு அவருக்கு வெளியில்தான் சாப்பாடு.

டேப்பை உரித்து எடுத்து ஒரு தட்டைப் போட்டேன். நானறிந்த பாட்டாக இல்லை. காகிதத்தை வைத்துப் பார்த்தேன், கோடுகள் அசையாமல் நின்றன.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அண்ணி

*

மார்ச் 1

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைக் கூட்டாளிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் காதைச் சொறிந்த இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இரண்டு சுற்று டேப்புக்கு என் பட்டறை பலியாக இருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நடந்தது நடந்துவிட்டது. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள், போதும். "அந்த மெஷினின் வேகத்தில் குறை இல்லை, விமர்சகரின் ஒப்பீட்டில் பிழை நேர்ந்தது." அவ்வளவுதான். கடைக்காரர் உங்கள் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பவர். அந்த இரண்டு வரியை அவர் மேசையில் வைத்தால் முப்பது மெஷினுக்கும் வழி பிறந்துவிடும். இதழ் பத்தாம் தேதி வருமே, அதற்குள் முடித்துவிடுங்கள்.

அண்ணனைச் சாப்பிட விடுங்கள் பாவம்.

கொழுந்தன்

*

மார்ச் 6

தம்பிக்கு,

இரண்டு வரி போடச் சொல்கிறாய். நான் போட மாட்டேன். கோபப்படுவதற்கு முன்னால் முழுவதும் படி.

என் மெஷின் வேகமாக ஓடியது என்றால் நான் மெதுவாக இருக்கிறது என்று திட்டியது எல்லாம் சரியாக ஓடியிருக்கலாம். நான் துள்ளுகிறது என்று புகழ்ந்தது எல்லாம் தப்பாக ஓடியிருக்கலாம். உன் ஒருவனுடைய மெஷின் மட்டுமா? பத்து வருடம் எழுதியது அத்தனையும் அந்த டேப்பின் மேல் நிற்கிறது. முந்தாநாள் சைக்கிள்காரர்களின் மெஷினை வாங்கி வந்து உன் காகிதத்தைப் போட்டேன். கோடுகள் தலைதெறிக்க ஓடின. அதற்குத்தான் முதலிடம் கொடுத்தேன். அதைப் படித்து எத்தனை பேர் வாங்கினார்களோ!

பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். என் பத்தி முழுவதிலும் நடந்ததைச் சொல்லி, ஐந்து மெஷின்களையும் திரும்ப அளந்து எழுதுகிறேன் என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எல்லாம் தப்புன்னு போட்டா பத்திரிகையை யாரு மதிப்பாங்க? பின்னட்டையில யாரு விளம்பரம் குடுக்கறாங்கன்னு பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். சைக்கிள்காரர்கள்.

"உங்க சொந்தக்காரர் மெஷினுக்கு மட்டும் ஒரு சின்ன குறிப்பு போட்டுடலாம். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் நிம்மதி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யோசித்துப் பார். ஆறு பேரில் என் கொழுந்தனுக்கு மட்டும் திருத்தம், மற்றவர்கள் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்றால் அதற்குப் பெயர் என்ன? முதல் தடவை எழுதியது தெரியாமல் செய்த தப்பு. இதைப் போட்டால் தெரிந்தே செய்த தப்பு. சைக்கிள்காரரின் மெஷினை வாங்கி ஏமாந்தவர்கள் என் சொந்தக்காரர்கள் இல்லை என்பதற்காக அவர்களை விட்டுவிட வேண்டுமா?

முழுவதும் போடுங்கள், இல்லாவிட்டால் நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் பொறு. ஒரு வழி செய்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 12

அண்ணி,

கொஞ்சம் பொறுவா? யாரிடம் சொல்கிறீர்கள்? கொட்டகைக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்கிறார். கூட்டாளியின் மனைவி அவனைப் பழைய வேலைக்கே போகச் சொல்லிக் கழுத்தை நெரிக்கிறாள். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறீர்கள். உங்கள் மனசாட்சி சுத்தமாக இருக்க நான் தெருவில் நிற்க வேண்டுமா? உங்களால் வந்த வினை, தீர்த்து வைக்கவும் மாட்டேன் என்கிறீர்கள்!

ஆகவே நானே தீர்த்துக்கொண்டேன். உங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நீங்கள் இல்லாமலேயே குறிப்புப் போடத் தயார், ஆனால் வாசகத்துக்கு நான் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்றார். வாசகம் இது: "விமர்சனத்துக்கு வந்த மெஷினில் இருந்த வேகக் குறையைத் தயாரிப்பாளர் தற்போது சரிசெய்துவிட்டார்."

ஆமாம். பொய். இல்லாத குறையை இருந்ததாகவும், அதைச் சரிசெய்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கை கூசியது. மூன்று வருடம் எதற்காக மாரடித்தோமோ அதை நானே கெட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் இதழ் வந்த அன்றே கடைக்காரர் கூப்பிட்டார். "தப்பு நடந்துச்சு, சரி பண்ணிட்டீங்க, அதான் தொழில்" என்றார். முப்பதும் எடுத்துக்கொள்கிறார். பட்டறை பிழைத்தது.

இதில் உங்கள் பெயருக்கும் கேடில்லை. உங்கள் காது சரி, என் மெஷின்தான் தப்பு என்றாகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இனி எதுவும் செய்யாதீர்கள். வாயைத் திறக்காதீர்கள். எழுதாதீர்கள்.

கொழுந்தன்

*

மார்ச் 12

தம்பிக்கு,

காரியத்தை முடித்துவிட்டேன். உட்கார்ந்து படி.

பத்திரிகைக்கு முழுக்குப் போட்டாயிற்று. ஆசிரியர் என் கட்டுரையைத் தொடவில்லை. அதனால் இன்றைக்கு அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு வண்டி பிடித்து, மாற்றுக்கு இருக்கட்டும் என்று அன்றைக்கே நீ என்னிடம் விட்டுவைத்த இரண்டாவது மெஷினையும் என் பழையதையும் டேபிள் லாம்பையும் ஏற்றிக்கொண்டு நேராக அந்த மூன்று மாடிக் கடைக்கே போய்விட்டேன். உன் அண்ணன்தான் தூக்கி வந்தார். செய்த காரியத்துக்குத் தூக்கட்டும்.

கடைக்காரரிடம் நான் யார் என்று சொன்னேன். சந்தோஷமாக வரவேற்றார். உன் மெஷினைப் பார்த்ததும், "அதான் சரி பண்ணியாச்சாமே" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. "எதையும் சரி பண்ணல. அது மொதல்லேருந்தே சரி. தப்பு என் மேல" என்றேன். கடையில் கூட்டம் இருந்தது. தட்டு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கினார்கள்.

காகிதத்தை என் மெஷினில் போட்டேன். டேப்பைத் திரும்பச் சுற்றி வைத்திருந்தேன், காட்ட வேண்டும் என்பதற்காகவே. கோடுகள் ஓடின. உன் மெஷினில் போட்டேன். ஆணி அடித்த மாதிரி நின்றன. ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "அடடே, நிஜமாவே சுத்துதா இது?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மத்ததையும் பாத்துடுவோம்" என்று அவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்த, நான் புகழ்ந்த ஐந்து மெஷினிலும் போட்டேன். கல்பலகை அம்மாளுடையது நின்றது. ரேடியோப் பெரியவருடையது ஏறக்குறைய நின்றது; இந்த இரண்டிலும் கனத்தையும் ஆளையும் புகழ்ந்த மும்முரத்தில் வேகத்தை நான் காதில் வாங்கவே இல்லை. மற்ற மூன்றும் ஓடின. சைக்கிள்காரர்களுடையதைப் பார்த்து ஒருவர், "ஏங்க, இதை நான் போன மாசம்தான் வாங்கினேன்" என்று கத்தினார். அவர் பின்னால் இன்னொருவர்.

கடைக்காரர் முகம் சுண்டிப் போயிற்று. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினதை நம்பித்தானம்மா இதையெல்லாம் வாங்கி அடுக்கினேன்? இப்போ நீங்களே வந்து கடை நடுவுல நின்னு இப்படிப் பண்றீங்களே!"

அவர் கேட்டது நியாயம். "இனிமே சரியா ஓடறதை வையுங்க" என்றேன். உன் மெஷினைக் காட்டினேன்.

"இதை வச்சுட்டா, பக்கத்துல இருக்கறதை யார்கிட்ட விக்கறது? வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சரியாக ஓடுகிற மெஷினைச் சரியாக ஓடுகிறது என்பதற்காகவே ஒருவர் வேண்டாம் என்கிறார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனால் உன் மெஷினில் குறை இல்லை என்பதை இன்றைக்கு ஒரு கடை முழுவதும் கண்ணால் பார்த்தது. அவர் இல்லாவிட்டால் வேறு கடை. நானே உன்னோடு வந்து ஏறி இறங்குகிறேன்.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணி,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது கையில் கிடைத்தபோது நீங்கள் என்ன ஆனீர்கள் என்று அண்ணன் போனில் சொன்னான். நீங்கள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்காததற்கும், இத்தனை நாள் எழுதாததற்கும் காரணம், எழுதியிருந்தால் எழுதக் கூடாததை எழுதியிருப்பேன்.

அந்தக் கடைக்காரர் முப்பது மெஷின் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிழைத்துக் கிடந்த பட்டறையை நீங்கள் வண்டி வைத்துப் போய்க் கொன்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். வாயைத் திறக்காதீர்கள் என்று நான் எழுதிக்கொண்டிருந்த அதே பகலில், கடை நடுவில் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். உங்கள் நேர்மைக்கு ஒரு கும்பிடு. தூர நின்று போடுகிறேன்.

நான் கடைக்காரரிடம் போனேன். காலில் விழாத குறை. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வழி சொன்னார். "பாட்டு கொஞ்சம் துள்ளணும் தம்பி. ஜனங்க அப்படிக் கேட்டுத்தான் பழகியிருக்காங்க. உன்னுதையும் ஒரு பொடி ஏத்தி விடு. மத்ததோட மத்ததா நிக்கட்டும். முப்பதும் எடுத்துக்கறேன்" என்றார்.

எங்கள் மெஷினின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. கால் சுற்றுச் சுற்றினால் போதும். பட்டறைக்கு வந்து சுற்றினேன். காகிதத்தைப் போட்டேன், கோடுகள் ஓடின. ஒரு தட்டைப் போட்டுக் கேட்டேன். அண்ணி, நன்றாக இருந்தது! அதுதான் எனக்கு ஆத்திரம். துள்ளியது. கூட்டாளி, "விட்டுடுடா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். அவன் சொன்னது சரி. யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் சந்தோஷமாகக் கேட்டிருப்பார்கள். நான் ஒரு பொய்யில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவன்தானே, இன்னொன்று என்ன பெரிய விஷயம்?

பாட்டு முடிகிறவரை நின்றேன். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

ஏன் என்று கூட்டாளி கேட்டான். காகிதத்தைப் போட்டு, நிற்கிற கோடுகளைக் காட்டினேன். சாவியை என் முன்னால் எறிந்துவிட்டுப் போனான். அவன் மேல் தப்பில்லை. இந்த மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது.

வேறு கடைகளுக்கு ஏறி இறங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு என்னிடம் அந்தத் தெம்பு இல்லை. உங்களை இப்போதைக்கு மன்னிக்கவும் முடியாது. அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் செய்து முடித்த மெஷின்களில் ஒன்றை எண்ணெய் விட்டு, துடைத்து, அளந்து வைத்திருக்கிறேன். லிஃப்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற காலத்தில் அது எங்கேயாவது சரியாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சரியாகக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டிய ஆள் ஒருவர் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். உங்கள் பழையதை மேசையிலிருந்து இறக்கி வையுங்கள். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன். அன்றைக்குப் பேச மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுவதும் கேட்டுவிட்டுப் போவேன்.

கொழுந்தன்